தடை வந்தா முருகன் வேண்டாம்னு சொல்றானா?



புது வீடு கட்ட ஆரம்பிச்ச எந்தக் குடும்பத்துலயும் ஏதோ ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துடும். வானம் தோண்டுன குழியில தண்ணி நிக்கும். பேங்க்ல அடுத்த தவணை வராம இழுக்கும். கொத்தனார் வேற சைட்டுக்குப் போயிருப்பார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த ஒருத்தர் காபியைக் குடிச்சு முடிச்சுட்டு மெதுவா சொல்வார்: "இத்தனை தடை வருதுன்னா, முருகனுக்கே இதுல விருப்பமில்லையோ என்னவோ."

நம்ம பக்தர்கள் மத்தியில இதுக்குப் பழக்கமான பதில்கள் இருக்கு. ஏதோ நேர்த்திக்கடன் பாக்கி இருக்கு, அதான் தண்டிக்கிறான் என்பாங்க சிலர். சோதிக்கிறான், தாங்கிக்கிட்டா தருவான் என்பாங்க சிலர். "இதைத் தள்ளி வைக்கிறான்னா இதைவிட நல்லது வச்சிருக்கான்"னு சொல்றது இன்னொரு வகை. ரீல்ஸ்ல அதிகம் ஓடுறது இதுதான். மூணும் வேற வேற மாதிரி தெரிஞ்சாலும் அடியில ஒரே நினைப்புதான் இருக்கு. நடந்த தடை எனக்குன்னு முகவரி எழுதி வந்த கடிதம், அதை நான் சரியா படிச்சுட்டா போதும் என்கிற நினைப்பு.

அது சரிதானான்னு யோசிச்சுப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. முருகனைக் கேள்வி கேக்குற தைரியம் எனக்குக் கிடையாது மக்களே. முருகன் பேரைச் சொல்லி நாம கொடுக்குற விளக்கத்தைக் கேள்வி கேக்கலாம்னு நினைக்கிறேன்.

எங்க ஊர் பாஞ்சாலங்குறிச்சி பக்கம். இங்க சின்னப் பிள்ளைகளுக்குக்கூட தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. கட்டபொம்மனோட முன்னோர் இந்தக் காட்டுல வேட்டைக்கு வந்தப்போ, நாய்கள் ஒரு முயலைத் துரத்தியிருக்கு. ஓடி வந்த முயல் ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் நின்னு, திரும்பி, நாய்களையே விரட்ட ஆரம்பிச்சதாம். முயலுக்கே வீரம் கொடுக்குற மண்ணு இதுன்னு அங்கேயே கோட்டையைக் கட்டினாங்க என்பது கதை. இதைவிட நல்ல சகுனம் எந்த மனைக்காவது கிடைச்சிருக்குமா சொல்லுங்க. மனையடி சாஸ்திரம் பார்க்குறவர் யாரா இருந்தாலும் இதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டார்.

பக்தியிலயும் குறை இல்ல. கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகன் மேல உயிரா இருந்தவர். செந்தூர்ல பூஜை முடிஞ்சதும் மணியடிக்க, வழி நெடுக இருந்த மணி மண்டபங்கள்ல ஒண்ணு மாத்தி ஒண்ணா மணி ஒலிச்சு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல தாண்டி அது கோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார்னு இங்க சொல்வாங்க. வீட்டுல குலசாமி ஜக்கம்மா, செந்தூர்ல முருகன். அப்படி இருந்தும் 1799 செப்டம்பர்ல பானர்மேன் படையோட வந்தான். கோட்டை போச்சு. அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க.

அதோட முடியல. பாளையங்கோட்டை சிறையில இருந்த தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி தப்பிச்சு வந்தார். இடிச்சுப் போட்ட கோட்டையை ஊர் ஜனங்க சேர்ந்து சில நாள்லயே மறுபடி எழுப்பிட்டாங்க. முழுக்க மண் கோட்டை. பார்த்த வெள்ளைக்காரங்களுக்கே நம்ப முடியல. மார்ச் 31-ஆம் தேதி தாக்கிப் பார்த்து, பிடிக்க முடியாம பின்வாங்குனாங்க. பிறகு இன்னும் பெரிய படையைத் திரட்டி வந்து மே 24-ஆம் தேதி பிடிச்சாங்க. இந்தத் தடவை தரைமட்டமா இடிச்சதோட விடல. அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைச்சாங்கன்னு சொல்வாங்க. அதே வருஷம் நவம்பர்ல ஊமைத்துரையையும் தூக்குல போட்டாங்க.

இப்ப அந்தத் தடைக் கணக்கை இங்க போட்டுப் பாருங்க. சகுனம் சரி. பக்தி சரி. கட்டுனவங்க மனசுல கள்ளம் இல்ல. ரெண்டு தடவை கட்டி ரெண்டு தடவையும் இடிஞ்சது. அப்போ முருகன் வேண்டாம்னு சொன்னானா? கட்டபொம்மன் எங்கேயோ நேர்த்திக்கடன் பாக்கி வச்சுட்டாரா? எங்க ஊர்ல இப்படி ஒருத்தர்கூடச் சொல்லி நான் கேட்டதில்ல. சொன்னா அடி விழும். அரசாங்கம் 1974-ல நினைவுக் கோட்டை கட்டுச்சு, ஜக்கம்மா கோயில்ல இன்னைக்கும் கூட்டம் கூடுது. ஆமணக்கு விதைச்சவன் "இது அழிஞ்ச மண்ணு"ன்னு ஒரு சேதி எழுதிட்டுப் போனான். ஜனங்க அதைப் படிக்கவே இல்ல.

ஆனா பாருங்க, அதே ஊர்க்காரங்கதான் பக்கத்து வீட்டுச் சுவர்ல விரிசல் விழுந்தா "சாமி குத்தம்"னு சொல்லிட்டுப் போறாங்க. கோட்டைக்கு ஒரு நியாயம், எட்டு சென்ட் வீட்டுக்கு ஒரு நியாயமா?

முருகன் வீட்டையே எடுத்துக்கோங்களேன். 17-ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க திருச்செந்தூர் கோயிலைப் பிடிச்சு வச்சிருந்தாங்க, போகும்போது விக்கிரகத்தையே தூக்கிட்டுப் போனாங்க. கடலுக்குள்ள இருந்து அதை மீட்டுட்டு வந்த வடமலையப்ப பிள்ளை கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அப்புறம் உப்புக்காத்துல கோயிலோட பழைய கல்லு அரிச்சுப் போக, மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமின்னு ஒருத்தர் விட்ட இடத்துல இருந்து இன்னொருத்தர் எடுத்துத் திருப்பணி செஞ்சாங்க. ஒருத்தர் ஆயுசுல முடியல. நாழிக்கிணறு பக்கம் போறவங்க அந்த மூவர் சமாதியில ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க. முருகனுக்கு வீடு கட்டுனவங்களுக்கே இவ்வளவு நாள் ஆகியிருக்கு. (நாம வீடு கேட்டு நிக்குற சாமி, அவரே ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு மலையேறுனவர்தான் என்பதையும் மறந்துடக் கூடாது.)

2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல பெஞ்ச மழையை எங்க மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். செந்தூர்ல இருந்து கிளம்புன ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்க, அதுல சாமி கும்பிட்டுத் திரும்புனவங்களும் உண்டு. இடிஞ்ச வீடுகள்ல பூஜையறையில வேல் வச்ச வீடும் இருந்தது, வைக்காத வீடும் இருந்தது. தண்ணி ஆள் பார்த்து உள்ள வரல.

சரி, எங்க வீட்டுக்கு வர்றேன். அந்த வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் ஆவணியில நாங்க வானம் தோண்டினோம். நான் சென்னையில ஐடி வேலை பார்க்குறேன், ஊர்ல அப்பா, அம்மா, அண்ணன், மதினி. அண்ணனுக்கு அந்தத் தை மாசம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஐப்பசி மழையில குழியோட கரை சரிஞ்சு உள்ள விழுந்துச்சு. அள்ளிப் போட்டுட்டு மூணடி ஆழத்துல கல்லுக்கட்டு முடிச்சு, சுவரை ஜன்னல் மட்டம் வரைக்கும் ஏத்துனார் காண்ட்ராக்டர். அடுத்த கட்டத்துக்குன்னு முன்பணம் வாங்குனவர் அப்புறம் போன் எடுக்கல. பங்குனி வெயில் ஏறுனப்போ தென்மேற்கு மூலையில சுவர் குறுக்கா வெடிச்சு நின்னுச்சு. ஒரு ரூபாய் நாணயத்தை விட்டா உள்ள போற விரிசல்.

அதுக்கப்புறம் ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்ல. ஒருத்தர் நிலைவாசலை மாத்தச் சொன்னார். ஒருத்தர் தென்மேற்குல கனம் பத்தலன்னார். சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போகச் சொன்னாங்க. நான் போனேன், அதுல எனக்குச் சந்தோஷம்தான். சொந்த வீடு வேண்டிக்கிட்டு அங்க சின்னச் சின்னக் கல்லா அடுக்கி வச்சிருக்கிறதைப் பார்த்தாலே மனசு இளகிடும். ஒவ்வொரு அடுக்குலயும் யாரோ ஒருத்தரோட வாடகை வீடு தெரியும்.

ஆனா ஒரு பெரியம்மா சொன்ன வார்த்தைதான் வீட்டையே வேற மாதிரி ஆக்கிடுச்சு. "தை மாசத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல இப்படி ஒண்ணும் நடக்கலையே"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. பேர் சொல்லல. தை மாசம் வீட்டுக்கு வந்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே. அதுவரைக்கும் சாயங்காலம் தூக்குச்சட்டியில டீ எடுத்துட்டு சைட்டுக்கு வந்துட்டிருந்த மதினி, மறுநாள்ல இருந்து வர்றதை நிறுத்திட்டாங்க.

நான் இந்தக் கேள்வியை இவ்வளவு தீவிரமா எடுத்துக்கிட்டது இதனாலதான். தடையை சேதியா படிக்க ஆரம்பிச்சா, "யாரால?"ங்கிற கேள்வி தானா வந்துடும். அந்த விரல் முன்பணத்தோட ஓடுன ஆளை நோக்கி நீளாது, அவர்தான் எதிர்ல இல்லையே. வட்டி போடுற பேங்கை நோக்கியும் நீளாது. வீட்டுல யார் புதுசோ, யார் திருப்பிப் பேச மாட்டாங்களோ, அங்க போய் நிக்கும். புது மருமகள், ஏழரை நடக்குற தம்பி, கணவனை இழந்த அத்தை. முருகன் அனுப்புனதா சொல்லப்படுற கடிதம் எப்பவும் பலவீனமானவங்க வீட்டு வாசல்லயே வந்து விழுதுன்னா, அதை எழுதுனது முருகனா இருக்க முடியாதுன்னு நான் நம்புறேன்.

அம்மா கலங்கிப்போய், கோயில்ல பூ கட்டிப் பார்த்துடலாம்னு சொன்னாங்க. சிவப்பு வந்தா தொடருவோம், வெள்ளை வந்தா நிறுத்திடுவோம். அப்பதான் மதினி வாயைத் திறந்தாங்க. "பூ போட்டுப் பார்க்குறதுக்கு முன்னாடி ஒரு குழி போட்டுப் பார்ப்போம் அத்தை." அவங்க ஊர் விளாத்திகுளம் பக்கம், அதுவும் கரிசல்தான். அவங்க பக்கத்து வீட்டுல இதே மாதிரி வெடிச்சு, ஒரு இன்ஜினியர் வந்து சரி பண்ணதைப் பார்த்திருக்காங்க.

இன்ஜினியர் வந்தார். மூலையில ஆள் மட்டத்துக்கு மேல குழி போட்டு, மண்ணைக் கையில பிசைஞ்சு காட்டுனார். கரிசல்ல இருக்கிற களிமண்ணுக்குத் தண்ணியைக் குடிச்சா வீங்குற குணம், காய்ஞ்சா சுருங்குற குணம். மாண்ட்மோரில்லோனைட்னு அதுக்குப் பேர். ஐப்பசி, கார்த்திகையில வீட்டையே தூக்கும், சித்திரையில கீழ இறக்கும். கோடையில காட்டுல நடந்தவங்களுக்குத் தெரியும், கை நுழையுற அளவுக்கு வெடிப்பு விழுந்து கிடக்கும். மூணடி அஸ்திவாரம் அந்த ஏறி இறங்குற மண்ணுக்கு நடுவுலயே உக்காந்திருக்கு. பெரிய கட்டடம்னா தன் எடையால மண்ணை அமுக்கிக்கும், சின்ன வீட்டுக்கு அந்த எடை கிடையாது, அதான் ஏழை வீடுதான் முதல்ல வெடிக்கும்னார். பரிகாரமும் அவரே சொன்னார். ஈரம் மாறாத ஆழம் வரைக்கும், எங்க மனையில பதினோரு அடிக்கு மேல, துளை போட்டு, அடியில மட்டும் குடம் மாதிரி அகலப்படுத்தி கான்கிரீட் போடணும். அண்டர் ரீம்டு பைல்னு சொல்றாங்க. ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. மேல வர்ற பீமுக்கும் மண்ணுக்கும் நடுவுல இடைவெளி விடணும், மண்ணு வீங்குனா வீங்கிக்கட்டும்னு. சுவரைச் சுத்தித் தண்ணி தேங்காம சரிவா தளம் போடணும்.

மண்ணைத் திட்டவும் முடியாது. தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிற அதே குணம்தான் மானாவாரியில எங்களுக்குப் பருத்தியும் உளுந்தும் கம்பும் கொடுக்குது. அப்பாவோட படிப்பு, என் படிப்பு எல்லாம் அந்த மண்ணு போட்டது. சூரனை அப்பன் அழிக்காம மயிலாவும் சேவலாவும் தன்னோட வச்சுக்கிட்டான்னு சொல்வோமே, குழிக்குள்ள நின்னப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

என் வேலையில ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா, முதல்ல லாக் ஃபைலைத் திறப்போம். அதுல இருக்கிறது வசவு இல்ல, விவரம். அந்த விரிசலும் அப்படித்தான் ஏதோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நாங்கதான் அதை மதினியோட ஜாதகத்துல தேடிக்கிட்டு இருந்தோம்.

இங்க ஒரு நண்பர் என்னை மடக்குனார். "அப்போ நல்லது நடந்தா முருகனுக்கு அரோகரா போடுறியே, அது எப்படி? கெட்டதுக்கு மண்ணு காரணம்னா நல்லதுக்கும் சிமென்ட்தானே காரணம்?" நியாயமான கேள்வி. ரொம்ப நாள் பதில் தெரியாம இருந்தேன். இப்ப எனக்குத் தோணுறது இதுதான். நன்றி சொல்றது வேற, காரணம் சொல்றது வேற. அம்மா சோறு போட்டா அம்மாவுக்கு நன்றி சொல்றேன், நெல்லை விளைய வச்சது அம்மான்னு அதுக்கு அர்த்தமில்ல. பைல் நல்லபடியா இறங்குனப்போ நான் அரோகரா சொன்னது சந்தோஷம் தாங்காம. அதனால யாருக்கும் காயம் படல. ஆனா தடைக்கு முருகன் பேர்ல காரணம் சொன்னா யாரோ ஒருத்தர் மேல பழி விழுந்தே தீரும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்க வேண்டியதில்ல.

"சோதனை"ங்கிற வார்த்தையையும் நான் முழுசா விடல. எனக்கு வந்த கஷ்டத்தை அப்பன் வச்ச சோதனைன்னு நான் எடுத்துக்கிட்டா, அது எனக்குத் தெம்பு கொடுத்தா, அது எனக்கும் அவனுக்கும் உள்ள பேச்சு. அடுத்தவங்க கஷ்டத்தைப் பார்த்து "உனக்கு அப்பன் வச்ச சோதனை"ன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வெள்ளத்துல வீடு போனவர்கிட்ட போய் இதைச் சொல்லிப் பாருங்க, தெரியும்.

அப்படின்னா தடை வந்த நேரத்துல முருகன்கிட்ட என்ன கேக்குறது? இதுக்கு செந்தூர் ராஜகோபுரக் கதையை நான் திரும்பத் திரும்ப நினைப்பேன். தேசிகமூர்த்தி சுவாமி கோபுரத் திருப்பணி செஞ்சப்போ கையில காசு இல்ல. வேலை பார்த்தவங்களுக்குக் கூலியா பன்னீர் இலையில விபூதி மடிச்சுக் கொடுப்பாராம். அவங்க தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டிப் போய்ப் பிரிச்சுப் பார்த்தா, செஞ்ச வேலைக்கு ஏத்த காசு இருக்குமாம். இலை விபூதி வாங்குறப்போ எல்லாம் நாம கேக்குற கதைதான். ஆனா அதுல நடந்த அற்புதம் என்னன்னு கவனிச்சிருக்கோமா? கோபுரம் ராத்திரியோட ராத்திரியா தானா எழும்பல. கல்லு சுமந்தவங்களுக்கு அன்னன்னைக்குக் கூலி கிடைச்சுது. அதுதான் அற்புதம். ஆறாவது நிலையில இலையும் காசா மாறாம நின்னுபோச்சாம். அப்பகூட முருகன் கனவுல வந்து வேலையை நிறுத்துன்னு சொல்லல, சீதக்காதி வள்ளல்கிட்ட போய் உதவி கேளுன்னு சொன்னானாம். ஒரு இஸ்லாமிய வணிகர்கிட்ட. அந்த ஒன்பது நிலை கோபுரம்தான் இன்னைக்கு நிக்குது.

எங்க வீட்டுல பேங்க் தவணை நின்ன ஆறு வாரமும் சனிக்கிழமை சம்பளம் நிக்கல. பழைய சுவரை இடிச்சது, பைல் போட்டது எல்லாம் சேர்ந்து போட்ட கணக்குக்கு மேல போயிருச்சு. அப்பா டைல்ஸ் கனவை எல்லாம் விட்டுட்டார். மாமாகிட்ட வாய் விட்டுக் கடன் கேட்டார், அவர் வாழ்க்கையில முதல் தடவை. புதுக் கொத்தனாருக்கும் சித்தாள் அக்காமாருக்கும் ஆறு மணிக்கு எண்ணிக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "நம்ம தடை அவங்க உலையில ஏறக் கூடாதுடா"ன்னு ஒரு தடவை சொன்னார். அப்பா பெருசா கோயிலுக்குப் போற ஆள் இல்ல.

ஓடுன காண்ட்ராக்டர் பணம் திரும்பி வரல. ஸ்டேஷன்ல மனு கொடுத்திருக்கோம், பார்ப்போம். பெரியம்மா இன்னும் தை மாசத்தை மறக்கல. அம்மா அந்தப் பேச்சு வந்தா இப்பல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போயிடுறாங்க. பூ கட்டிப் பார்க்கப் போகல, ஆனா வேண்டாம்னும் அம்மா சொல்லல. பால்காய்ப்பு அன்னைக்குக் கட்டலாம்னு இருக்காங்க போல. அன்னைக்கு என்ன கேப்பாங்கன்னு தெரியல.

வீடு இப்ப லிண்டல் மட்டத்துல நிக்குது. இந்த ஐப்பசி மழை அதுக்கு முதல் மழை. அடுப்படி ஜன்னல் கிழக்க பார்த்து வேணுமா, வடக்க பார்த்து வேணுமான்னு மதினிக்கும் அண்ணனுக்கும் போன வாரம் சைட்லயே பெரிய சண்டை. கொத்தனார் தூக்குச்சட்டி டீயைக் குடிச்சுக்கிட்டே ரெண்டு பேரையும் வேடிக்கை பார்த்துட்டு உக்காந்திருந்தாராம்.

ஓம் சரவணபவ.